மெனுவா, தேடலா, சாட்பாட்டா? பெரிய டெக் தளத்தில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்

பழைய இன்வாய்ஸ் ஒன்றை டவுன்லோட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தளத்தில் லாகின் செய்தால் 'கணக்கு', 'சந்தாக்கள்', 'பில்லிங்', 'ஆர்டர் வரலாறு' என்று நான்கு கதவுகள். எதைப் பார்த்தாலும் இதுதான் என்று தோன்றும். மூன்றைத் திறந்து ஏமாந்த பிறகுதான் நான்காவதில் கிடைக்கும். இப்படிப்பட்ட தளங்களில் வேண்டியதைத் தேடிப் பிடிக்க இருக்கும் வழிகளில் எது தேறும்?

முதலில் மேலே விரிந்து கிடக்கும் மெனு. என் பட்டியலில் இதற்குத்தான் கடைசி இடம். ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அந்த அமைப்புதான் அது உருவாக்கும் பொருளிலும் பதிந்துவிடும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி நிபுணர் 1968-இலேயே எழுதினார். பெரிய டெக் தளங்களின் மெனு அதற்கு நல்ல சாட்சி. 'தயாரிப்புகள்' ஒரு பிரிவினர் கையில், 'தீர்வுகள்' இன்னொரு பிரிவினர் கையில்; ஒரே பொருள் இரண்டிலும் இருக்கும், ஆனால் போய்ச் சேரும் பக்கங்கள் வேறு. (தீர்வு வேண்டும் என்று 'தீர்வுகள்' பக்கம் போனவருக்கு அங்கே விற்பனைப் பேச்சுதான் கிடைக்கும்.) போதாக்குறைக்கு மவுஸ் தொல்லை வேறு. தலைப்பின்மேல் வைத்ததும் பட்டியல் விரியும். அதன் வலது ஓரத்தில் உள்ள இணைப்புக்குக் குறுக்காக நகர்த்தினால், வழியில் பக்கத்துத் தலைப்பு தட்டுப்பட்டு வேறொரு பட்டியல் திறந்துகொள்ளும். என்னென்ன விற்கிறார்கள் என்று சும்மா பார்க்க வந்தவருக்கு மெனு சரி. குறிப்பிட்ட ஒன்றைத் தேடுபவருக்கு அல்ல.

தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி கொஞ்சம் தேவலை. மாடல் எண்ணோ பிழைக் குறியீடோ கையில் இருந்தால் நேராகக் கொண்டுபோய் விடும். சொந்த வார்த்தையில் தேடினால்தான் சிக்கல். நாம் 'கேன்சல்' என்று தட்டுவோம். அவர்கள் பக்கத்துக்கு 'தானியங்கிப் புதுப்பித்தலை நிர்வகித்தல்' என்று பெயர் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பெட்டிக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்; பல தளங்களில் யாரும் சொல்வதில்லை. விற்பனைத் தளத்தின் தேடல் உதவித் தளத்தை எட்டிக்கூடப் பார்க்காததும் உண்டு.

வெளித் தேடுபொறி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கும் மற்றவர்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. கூகுளின் நிறுவனர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. நிறுவனம் என்ன பெயர் வைத்தாலும், ஊரார் 'கேன்சல் செய்ய இங்கே போங்கள்' என்று எழுதி இணைப்பு கொடுத்திருந்தால், தேடுபொறிக்கு நம் பேச்சு புரிந்துவிடும். ஆனால் முடிவுகளின் உச்சியில் விளம்பரங்கள் உட்கார்ந்திருக்கும். போலி 'கஸ்டமர் கேர்' எண்களும் அந்தக் கூட்டத்தில் கலந்துவரும். அதனால் தேடும்போதே 'சைட்' (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் அதை ஒட்டினாற்போல முக்காற்புள்ளியையும் நிறுவனத்தின் டொமைன் பெயரையும் இடைவெளி விடாமல் தட்டி, அப்புறம் வேண்டியதைச் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் தவிர்த்த முடிவுகளில் அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். லாகினுக்குப் பின்னால் இருப்பது மட்டும் இதற்குத் தெரியாது. அதாவது, அந்த இன்வாய்ஸ் எந்தக் கதவுக்குப் பின்னால் என்று விளக்கும் உதவிப் பக்கம் வரை கொண்டுபோய் விடும். உள்ளே நாம்தான் போக வேண்டும்.

சாட்பாட்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு மனம். கேள்வியை நம் பேச்சுவழக்கிலேயே கேட்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் 'செட்டிங்ஸ் போய், பிரைவசி போய், அட்வான்ஸ்டு போங்கள்' என்று அது தயங்காமல் சொல்லும் வழி, போன வடிவமைப்பு மாற்றத்தோடு போயிருக்கலாம். எந்தக் காலத்திலும் இல்லாத வழியாகக்கூட இருக்கலாம். வழி கேட்காமல் பக்கத்தின் இணைப்பைக் கேளுங்கள். திறந்து பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும்.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் தள வரைபடத்தை, அதாவது தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் 'சைட்மேப்'பை, யாரும் சீந்துவதில்லை. இருந்தால் ஒருமுறை பாருங்கள். மேலே மெனுவில் காணாமல்போன பக்கங்கள் சிலசமயம் அங்கே உயிரோடு இருக்கும்.

எந்த வழியில் கண்டுபிடித்தாலும் முகவரியை மட்டும் புக்மார்க் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல முகவரிகள் மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதிவைத்தார். பெரிய நிறுவனங்களோ தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடாமல் 'பக்கம் இல்லை' என்று 404 பிழையைக் காட்டினால், கையில் மிஞ்சுவது பக்கத்தின் தலைப்புதான். அதையும் புக்மார்க்கில் சேர்த்து எழுதிவைத்தால், அதே தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி தேடலாம்.