ஏற்காட்டு வகுப்பறையில் ஃபெட்

மழைக்காலத்தில் ஏற்காட்டில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் இணையம் இல்லாமலும் ஓடுமா என்பதுதான் எந்தக் கருவியைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி. ஃபெட் (PhET) அதில் பாஸ். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும், திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் அறிவியல், கணித மாதிரிகள் (simulations) இவை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம். சேலம் இறங்கும்போது வேண்டியதைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்வேன். சாதாரண பிரவுசரிலேயே திறக்கும்.

என் பிள்ளைகளுக்குப் பிடித்தது மின்சுற்று மாதிரிதான். பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்து இணைக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். தொடரிணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் குறைகிறது, பக்க இணைப்பில் குறைவதில்லை. இதைப் பார்த்த பிறகு ஓம் விதிக் கணக்கைப் போட்டால் "ஏன் டீச்சர்?" என்ற கேள்வி தானாக வருகிறது. குறுக்குச்சுற்று ஆனால் பேட்டரி தீப்பிடிக்கும். அதற்காகவே வேண்டுமென்று தப்பாக இணைக்கிறவர்கள் கடைசி பெஞ்சில் உண்டு. செய்யட்டும், நிஜ பேட்டரி என்றால் விடுவேனா?

எல்லா மாதிரிகளும் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதற்கு, திரையில் வரும் சொற்களை முதலில் பலகையில் எழுதிவிடுகிறேன். போனில் பார்க்கலாம்தான், ஆனால் மூன்று பேர் சேர்ந்து குனிந்தால் ஒருவருக்கும் தெரியாது. லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் நல்லது. உயிரியலுக்குத்தான் இதில் தீனி கம்மி. அதற்குப் பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு வீடியோக்கள்தான் எனக்குக் கைகொடுக்கின்றன.