விண்வெளி சிமுலேட்டர்: முழுச் சிக்கலா, எளிய கட்டுப்பாடா?

விண்கலம் ஓட்டும் கேம்களில் ஒரு கோடியில் 'நோ மேன்ஸ் ஸ்கை' இருக்கிறது. மூக்கைத் திருப்பிய பக்கம் கலம் போகும், ஒரே பட்டனில் தரையிறங்கும். மறு கோடியில் 'ஆர்பிட்டர்'. மார்ட்டின் ஷ்வைகர் உருவாக்கி 2000இல் வெளிவந்த இலவச சிமுலேட்டர் அது; நிஜ இயற்பியல்படியே கலத்தை ஓட்ட வேண்டும். 2021இல் மூலநிரலையும் திறந்துவிட்டார். இரண்டையும் விளையாடிப் பார்த்து, நான் ஆர்பிட்டரோடு தங்கிவிட்டேன்.

அழகில் 'நோ மேன்ஸ் ஸ்கை' பல மடங்கு மேல். உட்கார்ந்த உடனே பறக்கலாம் என்பதும் அதற்குத்தான் சாதகம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: சில மாதம் தொடாமல் விட்டுத் திரும்பி வந்தால் என்ன மிஞ்சுகிறது? வேலை, வீடு என்று இருப்பவர்கள் எந்த கேமையும் தினமும் விளையாடுவதில்லை. அதனால்தான் பலரும் "சிக்கலான சிமுலேட்டர் வேண்டாம், மறந்துபோகும்" என்கிறார்கள். பாதி உண்மைதான். ஆர்பிட்டரில் கலத்தைத் தள்ளும் சிறு எஞ்சின்களான உந்திகளைச் சுழற்சிக்கும் நகர்வுக்கும் இடையே மாற்றும் கீ எது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்துவிடும். உதவிப் பக்கத்தைத் திறந்தால் அது உடனே கிடைத்துவிடுகிறது. ஆனால் சுற்றுப்பாதையைப் பற்றிப் புரிந்துகொண்டது எதுவும் மறப்பதில்லை.

ஒரே சுற்றுப்பாதையில் எனக்கு முன்னால் ஒரு விண்வெளி நிலையம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் என் பாதை உயரும், ஒரு சுற்றுக்கான நேரம் கூடும், நான் இன்னும் பின்தங்குவேன். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் முந்த முடியும். 1965இல் நாசாவின் ஜெமினி 4 பயணத்தில் விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தன் கலத்தை ஏற்றிவந்து கழன்ற ராக்கெட் அடுக்கை நெருங்குவதற்காக அதை நோக்கியே உந்திப் பார்த்தார். அது நழுவிக்கொண்டே போனது, எரிபொருள் கரைந்தது, முயற்சி கைவிடப்பட்டது. பயிற்சி பெற்ற விமானியின் உள்ளுணர்வே அங்கே எடுபடவில்லை. எளிய கட்டுப்பாடு உள்ள கேம்களிலோ அதே 'குறிவை, உந்து' எப்போதும் பலிக்கும். அங்கே மறக்க ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இது எனக்குப் பெரிய குறை.

சரி, சிக்கல் எல்லாமே நல்லதா? இல்லை. பட்டன்களின் சிக்கல் வேறு, இயற்பியலின் சிக்கல் வேறு. மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ கலங்களின் சுவிட்சுப் பலகைகளை அப்படியே தரும் 'ரீஎன்ட்ரி'யை நான் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறேன், அதிலும் மெர்க்குரியோடு சரி. அந்த அளவில் சொல்வதானால், இடைவெளி விட்டால் முதலில் கழன்றுபோவது இந்த சுவிட்சு வரிசைதான். நீண்ட நாள் அதிலேயே ஊறியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்த கேம் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. கட்டுப்பாடு எளிது: பயணத் திசையைப் பிடித்து நிற்க ஒரு பட்டன், எங்கே எவ்வளவு உந்தினால் பாதை எப்படி மாறும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும் வசதி. ஆனால் பாதை இயற்பியலில் ஏமாற்றவில்லை. கேமில் வரும் கற்பனைக் கிரகமான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான் என்பதால் நொடிக்கு சுமார் 2.3 கிலோமீட்டர் வேகமே அதைச் சுற்றப் போதும், பூமிக்கு 7.8 வேண்டும். அளவைச் சுருக்கினார்கள், விதியைச் சுருக்கவில்லை. புதிதாக வருபவர்கள் இதில் தொடங்கி, அப்புறம் ஆர்பிட்டருக்கு வரலாம்.

'எலைட் டேஞ்சரஸ்' நடுவில் நிற்கிறது. பறப்பு உதவி (கலத்தின் நகர்வைக் கணினியே சரிசெய்யும் வசதி) இருக்கும்போது த்ராட்டிலை, அதாவது வேகக் கட்டுப்பாட்டை, பூஜ்யமாக்கினால் கலம் நின்றுவிடும். உதவியை அணைத்தால் மிதந்துகொண்டே போகும். அப்போதும் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சண்டைக்கு அருமை, சுற்றுப்பாதை கற்க உதவாது.

ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு: எலைட்டில் அது அனுபவத்தையே மாற்றும். ஆர்பிட்டருக்குக் கீபோர்டு போதும். அங்கே பெரும்பாலான வேலை, சரியான நேரத்துக்குக் காத்திருந்து சரியான அளவு உந்துவதுதான். கை நுணுக்கம் தேவைப்படுவது நிலையத்தோடு இணையும் கடைசிச் சில மீட்டரில் மட்டும்.