பிச்சாவரத்தை அக்ரிலிக்கில் வரைவது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அக்ரிலிக் வாங்கலாமா, ஆயில் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எதை வரையப் போகிறீர்கள் என்பதுதான். நான் பல வருடங்களாக வரைவது பிச்சாவரம் அலையாத்திக் காடு. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சதுப்பு, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே முன்னால் ஒரு வேர், அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் நிழல், கீழே இதெல்லாம் இன்னொரு தடவை தண்ணீரில். இப்படி அடுக்கடுக்காக இருக்கிற இடத்துக்கு, ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்ததைத் தைரியமாக மேலே போட விடுகிற அக்ரிலிக்கைவிடப் பொருத்தமான பெயின்ட் எனக்குத் தெரியவில்லை. வானத்துக்கு மட்டும் அது ஒத்துழைக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படகில் உட்கார்ந்து முழுப் படம் வரைய முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம். படகு ஆடும், இடமும் இருக்காது, வெயிலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் அங்கே செய்வது சின்னச் சின்ன நிற அட்டைகள் மட்டும். தபால் அட்டை அளவுக்கு வெட்டிய 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பரில் வீட்டிலேயே ஜெஸ்ஸோ (பெயின்ட் நன்றாகப் பிடிக்கப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசி எடுத்துப் போவேன். டியூப்கள் நாலைந்துதான்: அல்ட்ராமரைன் நீலம், ஹன்ஸா மஞ்சள், பர்ன்ட் சியன்னா, ரெட் ஆக்ஸைடு, டைட்டானியம் வெள்ளை. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள், குறுகலான கால்வாய்க்குள் அதுதான் போகும். "அண்ணே, இங்கே கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்றால் நிறுத்துவார்கள். "தண்ணி வத்துதும்மா, வேர் தட்டும், சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்று அவர்களே நேரமும் சொல்லிவிடுவார்கள்.

ஃபோட்டோ போதாதா என்றால், போதாது. ஃபோட்டோவும் எடுக்கிறேன், ஆனால் அது கிளைகளின் அமைப்பைச் சரிபார்க்க மட்டும்தான். மரத்தடி நிழலை கேமரா கறுப்பாக்கிவிடும், இல்லை வானத்தை வெளுக்க வைத்துவிடும். கண்ணுக்கு அந்த நிழலுக்குள் எவ்வளவோ தெரிகிறது. சுரபுன்னையின் முட்டு வேரை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்கிய மட்டம் வரை ஈரம், கருஞ்சிவப்புப் பழுப்பு. அதற்கு மேலே காய்ந்த சேறு படிந்து, கிட்டத்தட்ட ஊதா கலந்த சாம்பல். அந்த இரண்டும் சேரும் கோட்டில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடுகளில் மட்டும் ஒரு சுண்ணாம்பு வெளுப்பு. ஒரே வேரில் இத்தனையும் இருக்கும்போது டியூபிலிருந்து நேராகப் பிதுக்கிய பழுப்பைப் பூசிவிட்டு வேர் என்று சொல்ல மனசு வராது. அட்டையில் இந்த மூன்று நிறத்தையும் கலந்து பூசி, பக்கத்தில் பென்சிலால் நேரத்தையும் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் எழுதிக்கொள்வேன். பெரும்பாலான அட்டைகளில் படம் என்று ஒன்றுமே இருக்காது, வெறும் நிறத் திட்டுகள்தான். வீட்டில் அவைதான் உண்மையாக உதவுகின்றன.

இலைப் பச்சைக்குத் தனி டியூப் நான் வாங்குவதே இல்லை. டியூபில் வரும் நீலச் சாயலுள்ள தேலோ பச்சை இந்தக் காட்டில் அந்நியமாகத் தெரியும், அவ்வளவு குளிர்ச்சியான பச்சை அங்கே எங்கும் கிடையாது. ஹன்ஸா மஞ்சளில் அல்ட்ராமரைனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பர்ன்ட் சியன்னாவால் லேசாக மட்டுப்படுத்தினால் சுரபுன்னை இலை கிடைத்துவிடும். அப்புறம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த அதே மரம். உதிர்வதற்கு முன் அதன் இலை சிவக்கும், பச்சைக்கு நடுவில் அங்கங்கே ஒரு சிவப்பு. அதன் பாலில் கை வைக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. தள்ளி இருந்தே வரையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேன்வாஸைத் தொடுவதற்கு முன், மூன்றே தொனிகளில் ஒரு பென்சில் ஸ்கெட்ச்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. இதைத் தவிர்த்தால் வேர்க்கூட்டம் வெறும் சிக்கலாக நிற்கும். அதன் பிறகு ஜெஸ்ஸோ பூசிய பரப்பு முழுக்க ரெட் ஆக்ஸைடைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. இந்தச் செம்மை பச்சைகளுக்கு நடுவில் விடுபடும் இடைவெளிகளில் எட்டிப் பார்க்கும்போது படம் முழுக்க ஒரு வெதுவெதுப்பு வந்துவிடும். வெள்ளைக் கேன்வாஸின் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் கண் அங்கேயே போய் நிற்கும்.

அடுத்து வேர்களை வரைவதில்லை, வேர்களுக்கு இடையில் இருக்கிற இருட்டைத்தான் வரைகிறேன். இங்கேதான் அக்ரிலிக் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. வேர்க்கூட்டம் வரும் இடத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் பூசிக் காய விட்டு, அதன் மேல் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருமையால் இடைவெளிகளை மட்டும் வெட்டிக்கொண்டே வந்தால், மிச்சம் நிற்பது வேர். பின் வரிசை முதலில், அது காய்ந்ததும் கிளாஸ் மீடியம் (நிறமி இல்லாத, பளபளப்பான அக்ரிலிக் திரவம்) கலந்த மெல்லிய நீலச்சாம்பல் ஒன்றை மேலே ஓட விட்டால் அந்த வரிசை தானாகத் தள்ளிப் போய்விடும். அப்புறம் முன் வரிசை. ஆயிலில் இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும். தண்ணீரும் இதே முறைதான்: பிரதிபலிப்பை முதலில் கொஞ்சம் மங்கலாகப் போட்டு, மேலே பழுப்புப் பச்சையில் இரண்டு மூன்று கிளேஸ் (அடியில் இருப்பது தெரியும் மெல்லிய பூச்சு), கடைசியில் படுக்கை வாட்டில் சில வெளிச்சக் கீற்றுகள். கிளேஸுக்கு வெறும் தண்ணீர் வேண்டாம், மீடியம் சேருங்கள். தண்ணீர் மட்டும் அதிகமானால் பூச்சு சோகையாகவும் திட்டுத் திட்டாகவும் காய்கிறது.

புதிதாக வருபவர்களைக் கலங்கடிப்பது நிறம் காய்ந்ததும் கருப்பது. காரணம் எளிது. அக்ரிலிக்கில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். ஈரமாக இருக்கும்போது அது பால் போல வெளுத்திருப்பதால் நிறமும் வெளிறித் தெரியும். தண்ணீர் ஆவியாகித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமானதும் அது கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், நிறத்தின் அசல் ஆழம் அப்போதுதான் தெரியும். அதனால் கலக்கும்போதே வேண்டியதைவிட ஒரு படி வெளிச்சமாகக் கலக்குங்கள். முக்கியமான நிறமென்றால் அட்டையின் ஓரத்தில் தடவி ஹேர் டிரையரில் காய வைத்துப் பார்த்துவிடலாம்.

சரி, வானம். விடியற்காலை பிச்சாவரத்து வானம் கீழே மஞ்சளும் மேலே சாம்பல் நீலமுமாக எங்கே மாறுகிறது என்றே தெரியாமல் மாறும். இதைச் சாதாரண அக்ரிலிக்கில், அதுவும் மே மாத வெயிலில், ஃபேன் ஓடும் அறையில் செய்வது போராட்டம். பாதி இழுப்பதற்குள் பிரஷ் பிடித்துக்கொள்ளும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அளவு மீறினால் பிசுபிசுப்பு போகாது. மெதுவாகக் காயவென்றே வரும் கோல்டன் நிறுவனத்தின் ஓப்பன் வகை இதற்கு நன்றாக உதவுகிறது, ஆனால் விலை அதிகம். நான் வானத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று டியூப்களை மட்டும் அதில் வைத்திருக்கிறேன். வானம்தான் உங்கள் படத்தின் உயிர் என்றால் தயங்காமல் ஆயிலுக்குப் போங்கள்.

மற்றபடி தினசரி வேலைக்குக் கேமல் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. எந்தக் கம்பெனியானாலும் மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம். கிளேஸ் போடும்போது அது கலங்கலாகத் தெரிந்துவிடும். பணத்தை வெள்ளையிலும் நீலத்திலும் போடுங்கள், அவைதான் சீக்கிரம் தீரும். டியூபில் நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம். பிபி29 என்றிருந்தால் அல்ட்ராமரைன், கம்பெனி என்ன கவர்ச்சியான பெயர் வைத்திருந்தாலும்.

நிறம் கலக்கும் பேலட்டுக்குத் தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்றில் ஈரமான ஸ்பான்ஜ் துணி விரித்து மேலே பட்டர் பேப்பர் போட்டுக்கொள்கிறேன். மூடி வைத்தால் அடுத்த நாளும் பெயின்ட் ஈரமாக இருக்கும். அதற்கு மேல் விட்டால் பூஞ்சை வாடை வரும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், வீட்டில் சம்மதித்தால்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பிரஷ் அலசிய தண்ணீரை அந்தக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது பிளாஸ்டிக். மீனும் இறாலும் குஞ்சாக வளர்கிற இடம் அது. இரண்டு பாட்டில் எடுத்துப் போய், அழுக்குத் தண்ணீரை ஒன்றில் திரும்பக் கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய பக்கெட்டில் ஊற்றி வெயிலில் வற்ற விட்டால், அடியில் தங்கும் கசடைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிடலாம்.

முடிந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்ரிலிக் படலம் நம் ஊர்ச் சூட்டில் மென்மையாகவே இருக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு படத்தை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் வார்னிஷ் அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைப் பூசினால் ஈரப்பதத்தில் வெண்மையாகப் பனிக்கும். நான் மழையில் முடித்த படங்களை வைத்திருந்து பிப்ரவரி, மார்ச்சில்தான் பூசுகிறேன். கடலோர ஊரென்றால் கேன்வாஸின் பின்புறத்தில் பூஞ்சை வருவதும் உண்டு. அதனால் இப்போதெல்லாம் பெரிய படங்களை எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில், இரண்டு பக்கமும் ஓரங்களும் அடைத்துப் பூசிய பிறகே ஆரம்பிக்கிறேன். கனம் கூடுதல்தான், ஆனால் எத்தனை மழைக்காலம் போனாலும் தொய்வதில்லை.