பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவுக்கு யாரிடம் பணம் கொடுப்பது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகள் பேராதனைப் பூங்காவையும் யாழ்ப்பாண நூலகத்தையும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று பணம் தர முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: யாரை நம்பிக் கொடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. இங்கேயே பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று. புலம்பெயர்ந்த நம்மவர்கள் பிரித்தானியாவில் பதிவுசெய்து நடத்தும் அறக்கட்டளை மற்றொன்று. பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம் மூன்றாவது.

நன்கொடை கொடுப்பவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, நிருவாகச் செலவு எத்தனை வீதம் என்பதைத்தான். சுற்றுலா நடத்தும் அமைப்பிடம் இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. கிணறு வெட்டிக் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கில் பயணச் செலவு கூடினால் உடனே கண்ணில் படும். இங்கே எல்லாமே பயணம். பிள்ளைகள் போன பஸ்ஸும் பயணம், இடம் பார்த்துவர முன்கூட்டியே போன உத்தியோகத்தர்களின் வேனும் பயணம், வெளியிலிருந்து வந்த நன்கொடையாளர் பாசிக்குடாவில் தங்கியதும் பயணம். அத்தனையும் ‘கல்விப் பயணத் திட்டம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டால், நூறு ரூபாவில் தொண்ணூறு ரூபா பிள்ளைகளுக்கே போகிறது என்று எவரும் சொல்லிவிடலாம். அந்தத் தலைப்பை யார் உடைத்துக் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களிடம் கேட்டால் முதலில் பதிவு இலக்கத்தைக் காட்டுவார்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ, பிரதேச செயலகத்திலோ பதிந்திருப்பார்கள். பதிவு என்பது அந்த அமைப்பு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. கணக்கு சரி என்பதற்கான அத்தாட்சி அல்ல. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கொடுக்கும் முன்னேற்ற அறிக்கையில் எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்பது இருக்கும். பஸ் யாருடையது என்பது இருக்காது. பணிக்குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருடைய பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது இங்கே நடக்காத காரியமல்ல. அப்படி எடுத்தாலும் தவறில்லை, மூன்று விலைமனு கோரி, உறவைக் கணக்கறிக்கையில் எழுதிவைத்தால். கணக்காய்வாளரின் கையொப்பத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தொண்டு நிறுவனங்களையும் தொடுகிறது. ஆனால் அரசாங்கத்தின், வெளிநாட்டு அரசின் அல்லது சர்வதேச அமைப்பின் பணத்தில் கணிசமாக இயங்குபவற்றை மட்டுமே. தனிப்பட்டவர்களின் நன்கொடையில் ஓடும் சிறிய நிறுவனம் தானாக மனமுவந்து காட்டினால்தான் உண்டு.

பிரித்தானிய அறக்கட்டளையின் பலம் அதன் கதவு திறந்திருப்பது. இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளை ஆணைக்குழுவின் பதிவேட்டை மட்டக்களப்பிலிருந்து கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். கணக்காண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் விவரம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும். அறங்காவலர்களின் பெயர்கள் இருக்கும். குறித்த நோக்கத்துக்காக வந்த பணத்தைப் பொதுப் பணத்தோடு கலக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதியின் அருமை 2019க்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் எந்தப் பெற்றோர் பிள்ளையைத் தூரப் பயணத்துக்கு அனுப்பியிருப்பார்? அடுத்து கொரோனா, பாடசாலைகளே மூடப்பட்டன. 2022இல் டீசலுக்கு வரிசை. பஸ் ஓடாத அந்த ஆண்டுகளிலும் நன்கொடை வந்துகொண்டுதான் இருந்தது. அதோடு 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதால், வெளிநாட்டுக் கணக்கில் இருந்த பணத்தின் ரூபாப் பெறுமதியும் கூடியது. அந்தப் பணம் எங்கே என்று மூன்று தரப்பிடமும் கேளுங்கள். மீதியாக இருக்கிறது என்றாலும் சரி, கொடுத்தவர்களிடம் கேட்டு உலர் உணவுப் பொதிக்கு மாற்றினோம் என்றாலும் சரி, எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் முறையாகக் கணக்கு வைத்த பிரித்தானிய அறக்கட்டளை மற்ற இரண்டையும் முந்திவிடும்.

ஆனால் அதன் குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ‘இலங்கைப் பங்காளருக்கு வழங்கியது’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை. அதற்கு மேல் ஒன்றுமிருக்காது. பணம் இறுதியில் எதற்குப் போனது என்பதற்கும் அறங்காவலர்களே பொறுப்பு என்றாலும், இங்குள்ள பங்காளரின் வவுச்சர்கள், அதாவது செலவுச் சீட்டுகள், அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆகவே லண்டன் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டால் பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் வண்ண அட்டைபோட்ட ஆண்டறிக்கை கிடையாது. ஒரு கோப்பு இருக்கும். நான் மிகவும் மதிப்பது இந்தக் கோப்பைத்தான். வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பஸ் வாடகைப் பற்றுச்சீட்டு, இரவு தங்கிய மண்டபத்துக்குக் கொடுத்த பணத்துக்கான துண்டு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கும். நுழைவுச்சீட்டுகளின் துண்டுகளையும் ஒட்டிவைக்கும் பாடசாலைகள் உண்டு. அவற்றைப் பொறுமையாக எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு விலை, பெரியவர்களுக்கு ஒரு விலை. முப்பது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பெரியவர்கள் போயிருந்தால் ஆசிரியர்களோடு யாருடைய குடும்பமும் போனது என்று கேட்கத்தான் வேண்டும். எந்த ஆண்டறிக்கையும் இதைச் சொல்லாது.

சங்கத்தின் பலவீனம் வேறிடத்தில். அதிபரே தலைவர், அவரிடம் கணக்குக் கேட்க, தன் பிள்ளை அங்கே படிக்கும் ஒரு தாய் தயங்குவார். ஒரே இருக்கைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்குவதும் நடக்கிறது: வெளியிலிருந்து முழுச் செலவும் வந்த பிறகு, பெற்றோரிடமும் ஒரு தொகை அறவிடப்படும். அது பதிவில் இருக்கிறதா என்று அறிய நேரே பெற்றோரிடம் கேட்பதைவிட நல்ல வழி இல்லை. அரச பாடசாலை என்பதால் தகவல் அறியும் உரிமை விண்ணப்பமும் செய்யலாம். ஆனால் அதுவரை போக வேண்டிவந்தால் வேறு பாடசாலைக்குக் கொடுப்பதே மேல்.

ஒரு பாடசாலைக்கு, ஒரு பயணத்துக்குக் கொடுப்பவர் அபிவிருத்திச் சங்கத்துக்கே கொடுக்கட்டும்; காசோலை சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், அதிபரின் பெயரில் வேண்டாம். ஆண்டுதோறும் பல பாடசாலைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்குப் பிரித்தானிய அறக்கட்டளை பொருந்தும், இங்குள்ள பங்காளரின் வவுச்சர்களையும் காட்டச் சம்மதித்தால். உள்ளூர் நிறுவனத்தை மூன்றாவதாகவே வைப்பேன். பயணத் தலைப்பை உடைத்துக் காட்டும் நிறுவனம் கிடைத்தால் அதை முதலில் வைக்கவும் தயங்கமாட்டேன். ஏனெனில் எந்த வீட்டுப் பிள்ளை இதுவரை மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை என்பது ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்ற எண்ணை மட்டும் வைத்து இவர்களை வரிசைப்படுத்தாதீர்கள். கதிரவெளியிலோ பொத்துவிலுக்கு அப்பாலுள்ள சிறிய பாடசாலையிலோ ஒரு வகுப்பில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். பஸ் வாடகை நாற்பது பேருக்கும் அதேதான், பதினைந்து பேருக்கும் அதேதான். தலைக்குச் செலவு கூடத்தான் செய்யும். அந்த எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்காக ஆண்டுதோறும் நகரப் பாடசாலைகளையே ஏற்றிச் செல்லும் அமைப்பைவிட, அதிகம் செலவழித்துக் கதிரவெளிக்குப் போகும் அமைப்புக்கே நான் கொடுப்பேன்.