நியூ ஆர்லியன்ஸின் இலவச வெளியேற்றப் பேருந்து: நல்ல ஏற்பாடு, நேரம் கிடைத்தால்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸில், 2005 கத்ரீனா புயலின்போது கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். வண்டி இல்லாத பல்லாயிரம் பேர் நகருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்காகவே வந்தது இந்த இலவசப் பேருந்துச் சேவை.

கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்ததும், நகரில் உள்ள 17 'எவாக்குஸ்பாட்'களில், அதாவது பேருந்து ஏற்றிக்கொள்ளும் இடங்களில், பக்கத்தில் இருப்பதற்குப் போய் நின்றால் போதும். கையை உயர்த்தி நிற்கும் ஆள் வடிவில், 14 அடி உயர எஃகுச் சிலை, தூரத்திலிருந்தே தெரியும். அங்கிருந்து பேருந்தில் பதிவு மையம், அடுத்து வெளியூர் முகாம், புயல் ஓய்ந்ததும் திரும்ப வீடு. எல்லாம் இலவசம். நாய், பூனையையும் கூட்டிப் போகலாம். இது சின்ன விஷயமில்லை, செல்லப்பிராணியை விட்டு வர மனமில்லாமல் கத்ரீனாவில் தங்கிவிட்டவர்கள் ஏராளம். 2008 குஸ்தாவ் புயலில் சுமார் 18,000 பேரை இந்த ஏற்பாடு வெளியேற்றியது. எந்த முகாம் என்று நாமே தேர்ந்தெடுக்க முடியாதது ஒரு குறை.

பெரிய குறை நேரம்தான். முழு வெளியேற்றத்துக்குச் சுமார் 72 மணி நேரம் வேண்டும். 2021-இல் ஐடா புயல் சட்டென்று வலுத்ததால் கட்டாய உத்தரவே போட முடியவில்லை. புயலுக்கு முன் இந்தப் பேருந்துகள் ஓடவில்லை. சேவையை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அந்த நேரத்தைத் தின்பது கார்க்காரர்களின் முடிவுகள். 2005 ரீட்டா புயலின்போது, பக்கத்து மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியில் சுமார் 25 லட்சம் பேர் கிளம்பினார்கள். உத்தரவு இல்லாத பகுதிக்காரர்களும் சேர்ந்துகொள்ள, பல வீடுகளிலிருந்து இரண்டு மூன்று கார்கள் இறங்க, வழியிலேயே பெட்ரோல் தீர்ந்து வண்டிகள் நின்றன. அதே சாலையில்தான் பேருந்துகளும் போக வேண்டும்.

லூசியானாவில் எந்தப் பகுதி எப்போது வெளியேற வேண்டும் என்று வரிசை உண்டு: சூறைக்காற்று தொடங்க 50 மணி நேரம் முன் கடலோரம், 40-இல் அடுத்த பகுதி, 30-இல் நியூ ஆர்லியன்ஸ். எதிர்த்தடங்களையும் வெளியே போகத் திறந்துவிடும் 'கான்ட்ராஃப்ளோ' கடைசிக் கட்டத்தில் மட்டுமே. காரில் போகிறவர்கள் வீட்டுக்கு ஒரு வண்டி எடுங்கள், டாங்கை முந்தியே நிரப்புங்கள். கான்ட்ராஃப்ளோவில் எந்த நுழைவுப்பாதையில் ஏறுகிறீர்களோ அதுதான் போகும் திசையைத் தீர்மானிக்கும். நடுவில் மனம் மாறினால் திரும்ப வழியில்லை, வரைபடத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடமாட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1-க்கு முன்பே நகர நிர்வாகத்தின் சிறப்புத் தேவைப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள்.