காடா துணியா, பழைய ஜீன்ஸா: கடைக்குப் போகும் பையை எதில் தைக்கலாம்?

காய்கறிப் பையை வீட்டு மெஷினிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினால், முதலில் முடிவு செய்ய வேண்டியது துணி. இரண்டிலும் தைத்துப் புழங்கிவிட்டேன். என் ஓட்டு காடாவுக்குத்தான். (துணிபோல் தெரியும் நெய்யாத பைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்.)

செலவில் ஜீன்ஸை அடிக்க முடியாது, அலமாரியில் சும்மா கிடக்கிற துணி. உறுதியிலும் அதுதான் மேல். தேங்காய், அரிசி எல்லாவற்றையும் அசராமல் தாங்கும். புதுத் துணி வாங்காமல் இருப்பதும் சின்ன விஷயமில்லை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவையில் தூக்கிப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் புதுப் பருத்திப் பையின் பங்கு குறைய வேண்டுமென்றால், அதை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும்.

அத்தனை தடவை ஒரு பை கடைக்குப் போய்வருமா என்பதைத் துவைப்பதுதான் முடிவு செய்கிறது. கீரைக்கட்டின் வேர்மண், நசுங்கிய தக்காளி, மீன் பொட்டலத்தில் கசிந்த தண்ணீர் என்று சந்தைக்குப் போன பை சுத்தமாகத் திரும்புவதில்லை. ஒற்றை அடுக்குக் காடா பையை உள்பக்கம் வெளியே திருப்பிக் கையாலேயே கசக்கி உதறிப் போட்டால், ஐப்பசி மழையிலும் ஃபேன் காற்றில் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸ் பையில் மேல்துணி காய்ந்தாலும் அடித்தையலும் கைப்பிடி மடிப்பும் ஈரத்தை விடாது. அப்படியே மடித்து வைத்தால் ஈர வாடை ஏறிவிடும். அப்புறம் அந்தப் பையை எடுக்கவே மனசு வராது.

காடாவையும் துவைப்பதை மனதில் வைத்துத்தான் தைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து அலசிவிடுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். 48 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் சுருக்கம் போக, கைப்பிடியோடு மூன்று பைகளுக்குத் தாராளம். பக்கத் தையலை இரண்டு தடவை போடுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க கால் அங்குலத்தில் ஒன்று. பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, பையைத் திருப்பி அதே ஓரத்தில் இன்னொன்று. பிசிறு இரண்டு தையலுக்கும் நடுவே அடங்கிவிடும், ஓவர்லாக் தேவையில்லை. எத்தனை தடவை கசக்கினாலும் நூல் பிரிந்து வராது.

கைப்பிடிக்கு மூன்று அங்குலப் பட்டையை நான்காக மடித்துத் தைத்து, வாய் மடிப்பின்மேல் சதுரமாக அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்டால் போதும். ஜீன்ஸில் இதே இடத்தில் அடுக்குகள் சேர்ந்து வீட்டு மெஷின் திணறும், ஊசி முறியும். ஜீன்ஸ்தான் வேண்டும் என்றால் கைப்பிடிக்குப் பருத்தி நாடா வைத்து, 16-ஆம் எண் ஊசி போடுங்கள். அந்தப் பையைப் புத்தகம், தேங்காய் மாதிரி காய்ந்த சாமானுக்கென்று ஒதுக்கிவிட்டால் தொல்லையில்லை.

பாலியஸ்டர் புடவையிலும் ஒன்று தைத்திருக்கிறேன். சட்டென்று காய்கிறது, கைப்பைக்குள் அடங்குகிறது. ஆனால் தைக்கும்போது துணி வழுக்குகிறது. இன்னும் பெரிய பாரம் ஏற்றிப் பார்க்கவில்லை, அதனால் அதன் உறுதியைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.