ஊதுபத்தியா, சாம்பிராணியா, மெழுகுவர்த்தியா: நாலறை வீட்டில் மூன்றையும் ஏற்றிப் பார்த்த பிறகு

போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஏணியைப் போட்டு ஏறினார். கூரையில் கட்டைவிரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, விரலை என்னிடம் நீட்டினார். மை தொட்டதுபோல் கறுப்பு. "அக்கா, இதுக்கு மேல நேரா பெயிண்ட் அடிச்சா ரெண்டே மாசத்துல மஞ்சளா ஊறி வந்துரும். முதல்ல கழுவணும், அப்புறம் ஆயில் சீலர் ஒரு கோட்டு, அதுக்கப்புறம்தான் வெள்ளை" என்றார். புதுக்கோட்டைக்காரர். அந்த ஒரு மூலைக்கு மட்டும் தனியாக 120 சிங்கப்பூர் வெள்ளி ஆனது.

அங்கே படிந்திருந்தது பன்னிரண்டு வருட ஊதுபத்தி. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அதில் பாதிக்கு மேல் சாமிக்கு ஏற்றியதே இல்லை. மீன் பொரித்த பிறகு, மழை நாளில் துணி காயாமல் ஈர வாடை அடிக்கும்போது, வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காரும்போது, வீடு மணக்க வேண்டும் என்று நானாக ஏற்றியது. இந்த அலசல் அந்தப் பாதியைப் பற்றித்தான். பூசைக்கு ஏற்றுவதை யாரும் விலை, தரம் பார்த்து ஒப்பிடப்போவதில்லை, நானும் ஒப்பிடவில்லை.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விலையில் ஊதுபத்தியை யாராலும் வெல்ல முடியாது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவில், கேம்பல் லேன் பக்கம், முஸ்தபா கடையில் எங்கே போனாலும் ஒன்றிரண்டு வெள்ளிக்கு ஒரு பாக்கெட் கிடைக்கும். கப் சாம்பிராணியும் கிட்டத்தட்ட அதே விலை. கண்ணாடிக் குவளையில் வரும் நல்ல வாசனை மெழுகுவர்த்தி 30 வெள்ளிக்குக் கீழே எனக்குக் கிடைத்ததில்லை. 200 கிராம் குவளை 40, 50 மணி நேரம் எரியும் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கணக்கில் அது ஊதுபத்தியைவிடப் பல மடங்கு செலவு. வாசனை அவரவர் மூக்கைப் பொறுத்தது. எனக்கு மல்லிகையும் வெட்டிவேரும் பிடிக்கும், என் கணவருக்கு எலுமிச்சைப்புல். இதில் வழக்கு எதுவும் இல்லை.

வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அணைத்த பிறகு வீட்டுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

ஊதுபத்தியில் தீ நாக்கு கிடையாது. மூங்கில் குச்சியைச் சுற்றியிருக்கும் கரித்தூளும் மரப்பட்டைப் பொடியும் பிசினும் அரைகுறையாகக் கனன்று புகைகின்றன. வாசனை நம்மிடம் வந்து சேர்வதே அந்தப் புகையின் முதுகில் ஏறித்தான். அதனால் புகை இல்லாமல் மணம் மட்டும் கொடு என்று ஊதுபத்தியிடம் கேட்க முடியாது. ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வருகிறது, சிகரெட்டில் அது 10 மில்லிகிராம் அளவு என்பது 2008ல் வெளியான ஒரு மருத்துவ மீளாய்வு தரும் கணக்கு. நான் முதலில் நம்பவில்லை. பெயிண்ட் தம்பியின் கட்டைவிரலைப் பார்த்த பிறகு நம்பினேன்.

நம் ஊரிலேயே இதைப் பற்றிப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 1993க்கும் 1998க்கும் இடையில் 45 முதல் 74 வயதுக்குட்பட்ட 63,000க்கு மேற்பட்ட சிங்கப்பூர்ச் சீனர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நெடுங்காலம் வீட்டில் ஊதுபத்தி ஏற்றியவர்களிடம் மூச்சுப்பாதையின் மேல்பகுதியில் வரும் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக இருந்ததாக 2008ல் எழுதினார்கள். இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறப்பது 12 விழுக்காடு அதிகம் என்று 2014ல் எழுதினார்கள். அவர்கள் ஏற்றியது சீன ஊதுபத்தி, நாம் ஏற்றுவது மைசூர் பத்தி. இரண்டின் கலவையும் ஒன்றல்ல. ஒன்று இன்னொன்றுக்கு நேரடிக் காரணம் என்று இப்படிப்பட்ட ஆய்வு அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் அவர்களும் நம்மைப் போலவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், நம்மைப் போலவே தினமும் ஏற்றியவர்கள்.

ஊரில் என் பாட்டி வீட்டில் முற்றம் இருந்தது. புகை எழும்பி வானத்துக்குப் போய்விடும். இங்கே மாலை ஏழு மணிக்கு மழை பிடித்தால் சன்னலைச் சாத்துகிறோம், ஒன்பது மணிக்கு ஏர்கான் போடுகிறோம். வீட்டு ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, இருக்கிற காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர்விக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழுவ வருகிறவர் வடிகட்டியைக் கழற்றும்போது அதில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பிசுக்கைப் பார்த்திருக்கிறேன். விரலால் தொட்டால் தூசிபோல் உதிராது, எண்ணெய்போல் இழுக்கும். அதில் இன்னும் மல்லிகை வாடை இருந்தது.

2013 ஜூன் நினைவுக்கு வருகிறது. சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தில் 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. எல்லாச் சன்னலையும் இறுக்கச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துண்டு வைத்து, அம்மாவுக்கு முகக்கவசம் வாங்கி வந்து கொடுத்தேன். அன்றைக்கு மாலையே, வீட்டுக்குள் புகுந்த கரிந்த வாடை போகட்டும் என்று இரண்டு ஊதுபத்தியும் ஏற்றி வைத்தேன். அம்மாவுக்கு அப்போதே இழுப்பு உண்டு. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

சாம்பிராணிக்கு வருகிறேன். மூன்றில் எனக்கு மிகப் பிடித்த மணம் இதுதான். நாம் சாம்பிராணி என்று கொண்டாடுகிற பிசின் சுமத்ரா மரங்களிலிருந்து வருவது. மலாய்க்காரர்கள் கெமென்யான் என்பார்கள். தணலில் போட்டதும் முதலில் வருகிற அந்த இனிப்பு, பால் காய்ச்சும்போது வருகிற வாசனைக்கு அண்ணன் முறை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை அம்மா கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் உலர்த்திவிட்டது என் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் அடுக்குமாடியில் இது மூன்றிலும் அதிகமாகப் புகைவது. கப் சாம்பிராணி ஒன்று பத்து நிமிடத்தில் கூடத்தையே மறைத்துவிடும். 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயமாகிவிட்டது. என் தங்கை முன்பதிவு செய்து வாங்கிய புது வீவக வீட்டின் (பிடிஓ) புதுமனை புகுவிழாவில் பால் பொங்கி வரும் நேரம் பார்த்து அது அலறியது. ஐயர் மந்திரத்தை நிறுத்த, மச்சான் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி என்ன ஆச்சோ என்று ஓடி வந்துவிட்டார். தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தால் புகை எதிர்வீட்டுக் குழந்தையின் அறைக்குள் போகும். அதனால் சாம்பிராணியைத் தினசரி வாசனைக்கு நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பண்டிகை நாளில், எல்லாச் சன்னலும் திறந்திருக்க, அரை கப். அதோடு சரி.

ஆக நான் வந்து நின்றது மெழுகுவர்த்தியில். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "கோயில்ல அகல் ஏத்துவோம், வீட்டுல குத்துவிளக்கு இருக்கு, இது எதுக்கும்மா?" என்று கேட்டார். விளக்குக்குப் பதிலாக இது வரவில்லை அத்தை, ஊதுபத்திக்குப் பதிலாகத்தான் என்று சொன்ன பிறகு விட்டுவிட்டார்.

மெழுகுவர்த்தி புகையே விடாது என்று கடையில் சொல்வார்கள். அது உண்மையில்லை. நேராக, ஆடாமல் எரிகிற சுடர் மிகக் குறைவாகத்தான் கரி விடும். ஆனால் சுடர் ஆடினால், திரி நீண்டால், எந்த மெழுகானாலும் கறுப்புப் புகைதான். பெட்ரோலிய மெழுகு விஷம், சோயா மெழுகு அமிர்தம் என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் இரண்டையும் எரித்துப் பார்த்தேன். குவளையின் விளிம்பு கறுத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது திரியும் காற்றும்தான்.

அந்தக் காற்றுதான் சிங்கப்பூரில் சிக்கல். நம் வீட்டில் காற்றாடி ஓடாத நேரம் எது? பகலில் 32 டிகிரி, காற்றில் எப்போதும் ஈரம். மெழுகுவர்த்தியை ஏற்றினால் காற்றாடியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கழுத்து வியர்க்கும். நிறுத்தாமல் ஏற்றினால் சுடர் ஒரு பக்கமாகச் சாயும், அந்தப் பக்கத்துக் கண்ணாடி கறுக்கும், மறுபக்கத்து மெழுகு உருகாமல் மேடாக நிற்கும். முதல் மூன்று குவளைகளை நான் இப்படித்தான் பாழாக்கினேன். ஏர்கான் அறையில், காற்று நேராகப் படாத மூலையில் வைத்தால் நன்றாக எரியும். ஆனால் படுக்கையறையில் தீயை வைத்துக்கொண்டு கண் அயர முடியாது.

பராமரிப்பும் உண்டு. முதல் தடவை ஏற்றும்போது மெழுகு விளிம்பு வரை உருகும் மட்டும் அணைக்கக் கூடாது. ஏழரை சென்டிமீட்டர் அகலக் குவளைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் நடுவில் மட்டும் குழி பறிக்கும், சுற்றியுள்ள மெழுகு கடைசி வரை வீண். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு நறுக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் எரியவிடக் கூடாது. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி சூட்டில் விரிசல் விடும்.

இவ்வளவையும் செய்து சலித்திருந்தபோதுதான் அலுவலகத் தோழி ஒருத்தி மெழுகை உருக்கும் மின்விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். மேசை விளக்குபோல் இருக்கும், தலையில் 35 வாட் ஹாலோஜன் பல்பு. குவளையை அதன் கீழே வைத்தால் பல்பின் சூட்டில் மேல்மெழுகு உருகி மணம் கிளம்பும். திரியைப் பற்றவைக்கவே வேண்டாம். தீ இல்லை, கரி இல்லை, காற்றாடி தன்பாட்டுக்குச் சுற்றலாம். சோயா மெழுகு ஏறக்குறைய 50 டிகிரியில் இளகிவிடுவதால் இருபது நிமிடத்தில் கூடம் மணக்கத் தொடங்கும். ஒன்று கவனியுங்கள்: மின்சாரம் மிச்சம் என்று எல்இடி பல்பு மாட்டினால் வேலைக்கு ஆகாது. இங்கே வெளிச்சத்துக்கு வேலையில்லை, சூடுதான் வேண்டும்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. மெழுகு எரிந்து குறைவதில்லை, அதிலிருக்கும் வாசனை மட்டும் தீர்ந்துபோகிறது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு விளக்கு எரியும், மெழுகு உருகும், மணம் இருக்காது. அப்போது மேலே உருகி நிற்கும் மெழுகைப் பழைய பால் டின்னில் ஊற்றிவிட்டு, அடியில் இருக்கும் புதிய மெழுகுக்கு வழிவிட வேண்டும். தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

விளக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, என் அனுபவம் அவ்வளவுதான். அம்மாவுக்கு இந்த எட்டு மாதத்தில் இரவு இருமல் குறைந்திருக்கிறது. அதே சமயத்தில் மருத்துவர் உறிஞ்சு மருந்தையும் மாற்றினார், அதனால் முழுப் புகழையும் மெழுகுக்குக் கொடுக்க மாட்டேன். சூடாக்கிய வாசனை எண்ணெயும் காற்றில் கலக்கத்தானே செய்கிறது. மணம் கடுமையான ஒரு குவளை எனக்கே தலைவலி கொடுத்தது, அதைத் தூக்கி வைத்துவிட்டேன். குச்சி செருகிய வாசனைக் குப்பிகளை இரண்டு வாரம்தான் வைத்துப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது.

புதிதாக வாங்குகிறவர்கள் என்னைக் கேட்டால், பெரிய குவளை வேண்டாம், 100 கிராமுக்குள் ஒன்று எடுங்கள், மூடியோடு வருவதாகப் பார்த்து. நம் ஊர்ச் சூட்டில் திறந்து வைத்த மெழுகின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து நிற்கும், தூசியும் ஒட்டும். தேன்மெழுகு நான் வாங்கியதில்லை. ஊதுபத்தியை விட மனமில்லாதவர்கள் குச்சியைப் பாதியாக ஒடித்து, திறந்த சன்னல் ஓரத்தில், காற்று வெளியே போகும் பக்கமாக வையுங்கள். கரித்தூள் குச்சியை வாசனை எண்ணெயில் முக்கி எடுத்த பத்தியைவிட, பொடிகளைப் பிசைந்து உருட்டிய மசாலா பத்தியின் மணம் எனக்கு மென்மையாகப்படுகிறது. புகை இரண்டுக்கும் உண்டு.

இப்போது சாமிக்குக் காலையில் அரைக் குச்சி, சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்து. மாலையில் விளக்கின் கீழே வெட்டிவேர். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி, சாமி அலமாரிக்கு மேலே கூரையில் கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். லேசான சாம்பல் தடம் இருந்தது, அரைக் குச்சியின் தடம். கூடத்தில் விளக்குக்கு மேலே இழுத்துப் பார்த்தேன். விரல் வெறுமையாக வந்தது.